பூசையில் வைத்த லாரி

நான் ஓட்டிய முதல் வண்டிக்கு முன்பாதி மோட்டார் கார், பின்பாதி மாட்டு வண்டி. முன்னால் இரண்டு பேர் உட்காரும் இருக்கை, தலைக்கு மேல் துணிக்கூரை, எதிரே ஒரு கண்ணாடி. கதவு இடுப்பளவுதான், அதற்கு மேலே வெறும் வெளி. பின்னால் பலகையடித்த திறந்த தொட்டி. அதில் ரப்பர் ஷீட் போகும், அரிசி மூட்டை போகும், காய்ச்சல்காரர்கள் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். ஒருமுறை பழைய துரையின் பியானோ போயிற்று. பியானோ போன அன்றைக்கு மட்டும் என்னை மெதுவாக ஓட்டச் சொன்னார்கள். தோட்டத்தில் எல்லோரும் அதை லாரி என்றுதான் சொன்னோம். அந்த மரியாதைக்கு வண்டி தகுதியானதா என்று யாரும் கேட்கவில்லை.

மலாயாவில் கோலா கங்சாருக்கும் தைப்பிங்குக்கும் நடுவில் எங்கள் ரப்பர் தோட்டம். இருபதுகளின் கடைசி வருடங்கள். லாரிக்கு வருவதற்கு முன்னால் நான் ஆறு வருடம் பால் மரம் வெட்டினேன், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தேன். விடியுமுன் தப்பு மேளம் அடிப்பார்கள். இருட்டில் வரிசையாக நின்று பேர் கொடுக்க வேண்டும். அதற்குப் பெரட்டு என்று பெயர். மழை பெய்தாலும் பெரட்டு உண்டு. வயிற்றுப்போக்கு என்றாலும் முதலில் பெரட்டில் நின்று, பிறகுதான் வயிற்றுப்போக்கு என்று சொல்ல முடியும். கால் முழுக்க அட்டை. கையெல்லாம் பால் காய்ந்து நாறும். பழைய டிரைவர் கண்பார்வை மங்கி ஊருக்குப் போனபோது, பழைய துரை என்னைத் தேர்ந்தெடுத்தார். ஏன் என்னை என்று தெரியாது. பக்கத்தில் நின்றிருந்தேன், அவ்வளவுதான்.

டிரைவருக்குப் பெரட்டு கிடையாது. இந்த ஒரு வரியில் என் சந்தோஷம் முழுவதும் அடங்கிவிடும். காக்கிச் சட்டை கொடுத்தார்கள். காலுக்குச் செருப்பு வந்தது. என்னைவிட மூத்தவர்கள்கூட ‘டிரைவரண்ணே’ என்றார்கள். என் மனைவி மட்டும் வழக்கம்போல மரம் வெட்டப் போனாள். விடியற்காலையில் அவள் எழுந்து போகும்போது நான் போர்வைக்குள் படுத்துக்கொண்டு தப்புச் சத்தம் கேட்பேன். அடிக்கிறவன் எனக்காக அடிக்கவில்லை என்ற நினைப்பே தனிச் சுகம். மனிதன் இவ்வளவு அற்பமானவனா என்று கேட்டால், ஆமாம்.

அந்த இருக்கைதான் அன்றைக்கு ஆட்டம் கண்டது.

பழைய துரை தன் சொந்தக் காரை எடுத்துக்கொண்டு சீமைக்குப் போயாகிவிட்டது. புதிய துரை சிலோனிலிருந்து கப்பலில் பினாங்குக்கு வந்து, அங்கிருந்து ரயிலில் தைப்பிங்கில் இறங்குவார் என்று கடிதம் வந்திருந்தது. ஆயுத பூசை முடிந்து இரண்டு நாள் கழித்து வருகிறார். அதனால் பூசையை நிம்மதியாகப் போட்டோம். புகைக்கூண்டுக்கு மாலை, உருளை மெஷினுக்கு மாலை, தராசுக்குப் பொட்டு. பால் வெட்டும் கத்திகள் எல்லாம் கோயிலில் வரிசையாக. என் ஸ்பானர், சுத்தியல், குறடு மூன்றும் லாரிக் கொட்டகையில் வாழையிலைமேல் சந்தனம் குங்குமத்தோடு இருந்தன. லாரிக்குக் கண்ணாடியில் மூன்று பட்டை விபூதி, நடுவில் பெரிய குங்குமம். மாலை கட்டியது என் மனைவி.

அந்த மாலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கண்ணாடிக்கு மேலே வெளிப்புறமாக ஒரு மெல்லிய இரும்புக் கம்பி, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஓடும். மழைத் தண்ணீரை வழிக்கும் வைப்பர்கள் இரண்டு. டிரைவர் பக்கம் ஒன்று, பக்கத்து ஆளுக்கு ஒன்று. உள்ளே டிரைவரின் தலைக்கு எதிரே ஒரு சின்னக் கைப்பிடி. அதை இப்படியும் அப்படியும் ஆட்டினால் என் பக்கத்து வைப்பர் ஆடும். மேலே ஓடும் அந்தக் கம்பி இழுத்து, அடுத்த வைப்பரையும் ஆட்டும். மோட்டார் கிடையாது, கைதான். மாலை கட்டத் தோதான இடம் எது என்று பார்த்த என் மனைவிக்கு, லாரி முழுவதிலும் அந்தக் கம்பியைப்போல வசதியானது வேறொன்றும் தெரியவில்லை. சாமந்தியும் செம்பருத்தியும் வைத்து, வாழைநாரால் கம்பியைச் சுற்றிச் சுற்றி, இரண்டு முனையையும் கீழே விளக்குகள் வரை இறக்கிக் கட்டிவிட்டாள். அவள் எதையும் தளர்வாகக் கட்டிப் பழக்கமில்லாதவள். எங்கள் வீட்டில் அரிசி மூட்டையின் வாயை அவிழ்க்க நான் அரிவாள் எடுப்பேன்.

பூசை முடிந்து கற்பூரத் தட்டு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அப்போது தந்தி வந்தது. துரை இன்று மாலை மூன்று மணி ரயிலில் வருகிறார்.

எங்கள் கிராணியார், அதாவது ஆபீஸ் கணக்குப்பிள்ளை, தந்தியை மூன்று முறை படித்தார். இன்று வண்டி இல்லை, தைப்பிங்கில் ஓர் இரவு தங்குங்கள் என்று ஒரு பதில் தந்தி அடித்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் தந்தி எழுதப் பேனா வேண்டும். பேனா, மை, பேரேடு, ரப்பர் ஸ்டாம்பு எல்லாம் சரஸ்வதிக்கு முன்னால் பட்டுத்துணி மூடி இருந்தன. மறுநாள் காலையில் மறுபூசை போடாமல் அதைத் தொடக் கூடாது. தொடலாமா என்று கேட்கிற தைரியம்கூட அங்கே யாருக்கும் வரவில்லை. ஆகவே ஒரு பேனா எடுக்க முடியாத காரணத்தால் ஒரு லாரியை எடுப்பது என்று முடிவாயிற்று.

“லாரியும் பூசையிலதானே இருக்கு?” என்றேன்.

“லாரி நகரும். சரஸ்வதி நகர மாட்டா” என்றார் கிராணியார். அதில் என்ன நியாயம் என்று இதுவரை எனக்கு விளங்கவில்லை. ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. “இந்தா, நல்லாக் கேட்டுக்க. புது தொரைக்கு ஒன்ன யாருன்னே தெரியாது. கோலா கங்சார்ல லைசென்ஸோட ஒரு ஆளு ரெடியா இருக்கான். இன்னிக்கு ஏதாச்சும் கோளாறு ஆச்சு, நாளைக்கு நீ பெரட்டுல நிக்கணும். நாந்தான் ஒன் பேரக் கூப்பிடுவேன்.”

அவர் மோசமான மனிதர் அல்ல. நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடுகிற வழக்கம், அவ்வளவுதான்.

மாலையை அவிழ்க்கப் போனேன். என் மனைவி முன்னால் வந்து நின்றாள். “மூணு நாளைக்கு அதுல கைய வைக்கக் கூடாது. தானா உதுரணும்.”

“புள்ள, மழை வந்தா நான் எப்படி வைப்பரை ஆட்டுறது?”

“மழை வரல்லியே.”

தைப்பிங் பாதையில் ஐப்பசி மாதத்தில் மழை வரவில்லை என்பதை ஒரு காரணமாகச் சொன்ன ஒரே ஆள் அவள்தான். ஆனாலும் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அவள் பக்கம் தலையாட்டினார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, கிராணியாரைப் பக்கத்தில் உட்காரவைத்து, லாரியைக் கிளப்பினேன். அவர் வெள்ளைக் கோட்டும் தலைப்பாகையுமாக மணமகன் மாதிரி இருந்தார். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தைத் தாண்டவில்லை, மழை வந்துவிட்டது.

கைப்பிடியை இழுத்தேன். அசையவில்லை. நனைந்த வாழைநார் இறுகிப்போய்க் கம்பியையும் விளக்கையும் ஒன்றாகக் கட்டிப்போட்டிருந்தது. என் மனைவியின் கட்டு அல்லவா. கண்ணாடியில் விபூதி கரைந்து பால் ஊற்றினதுபோல ஆகிவிட்டது, எதிரே ஒன்றும் தெரியவில்லை. எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில் இரண்டு கையாலும் இழுத்தேன். வெளியே கம்பி வில்லாக வளைந்து, பிறகு நடுவில் இரண்டாக ஒடிந்தது. உள்ளே கைப்பிடி அச்சு முறிந்து என் கையில் வந்துவிட்டது. அச்சின் மிச்சத் துண்டு சட்டத்துக்குள்ளேயே நின்றது. கிராணியார் என் கையிலிருந்த கைப்பிடியைப் பார்த்தார். சொல்ல வேண்டியதை முன்பே சொல்லிவிட்டார் அல்லவா.

கொட்டகைக்கு ஓடினேன். குறட்டை எடுக்கக் குனிந்தபோது பின்னாலிருந்து அவள் குரல்: “அதத் தொடாதீங்க!”

“ஒன்னாலதான் புள்ள எல்லாம்! கம்பி ஒடஞ்சிருச்சு! பாத்தியா?”

“கம்பிதானே ஒடஞ்சிச்சு. பூசச் சாமானத் தொட்டா என்னென்ன ஒடையும்னு தெரியுமா?”

அவள் சொன்னதை நான் நம்பவில்லை என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. நம்பினேன். ஒரு டிரைவர், எட்டு மாத அனுபவம், கையில் உடைந்த கைப்பிடி, காலடியில் தன் சொந்தக் குறடு, ஸ்பானர், சுத்தியல். எல்லாம் குங்குமப் பொட்டோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. நான் அவற்றைக் கும்பிட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன்.

மாலையை மட்டும் நகத்தாலும் பல்லாலும் அறுத்து எடுத்தேன். அவள் அறுந்த மாலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மூன்று மைல் தள்ளிச் சாலையோரத்தில் ஒரு சீனரின் சைக்கிள் கடை உண்டு. அவருக்கு ஆயுத பூசை கிடையாது என்பது அந்த நேரத்தில் எனக்குத் தெய்வம் காட்டிய வழியாகத் தெரிந்தது. தலையை வெளியே நீட்டி, நனைந்துகொண்டே ஓட்டிப் போய்ச் சேர்ந்தேன். அவர் தோசைக் கல் அளவு எண்ணெய்க் கறை படிந்த பனியனோடு வெளியே வந்து, முதலில் குங்குமத்தைப் பார்த்தார், பிறகு ஒடிந்த கம்பியைப் பார்த்தார், பிறகு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

சைக்கிள் மட்கார்டைத் தாங்குகிற கம்பி தடித்தது, சுலபத்தில் வளையாது. அதில் ஒன்றை எடுத்து நீளம் பார்த்தார். போதவில்லை. இரண்டை எடுத்து நடுவில் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஆணியடித்து இறுக்கினார். முனைகளைப் பழுக்கக் காய்ச்சித் தட்டி வளையமாக்கினார். பழைய கம்பியின் துண்டுகளை இரண்டு வைப்பர்களின் கொக்கியிலிருந்தும் கழற்றிவிட்டு, புதியதை மாட்டி, சைக்கிள் சங்கிலியின் சின்ன ஊசிகளைச் செருகி முனையை மடக்கினார். கையால் ஒரு வைப்பரைத் தள்ளினால் இரண்டும் சேர்ந்து ஆடின. எனக்கு உயிர் வந்தது.

“கைப்பிடி?” என்றேன்.

அவர் உதட்டைப் பிதுக்கினார். என் பக்கத்து அச்சு சட்டத்துக்குள் முறிந்து நிற்கிறது. அதைத் தோண்டி எடுக்க ஈப்போவுக்குத்தான் போக வேண்டும். ஆனால் இடது பக்கத்து அச்சு முழுசாக இருக்கிறது. அதில் கைப்பிடி போடலாம் என்று, ஒரு சைக்கிள் பிரேக் பிடியை எடுத்து இடது பக்கத்தில் இறுக்கிவிட்டார். “போலே லா” என்றார், ஆகும் என்று அர்த்தம். பிறகு மலாயிலேயே, பக்கத்தில் உட்காருகிறவர்தான் இழுக்க வேண்டும் என்றும் சொல்லி, கிராணியாரைப் பார்த்துச் சிரித்தார்.

கிராணியார் தைப்பிங் வரை இழுத்தார். பேனாவைத் தவிர வேறு கருவியைத் தொட்டறியாத கை. வழி நெடுகத் தான் யார், தன் தகப்பனார் யார், தன் படிப்பென்ன என்று சொல்லிக்கொண்டே இழுத்தார். நான் ‘ஆமாங்க ஐயா’ என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன். எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் எழுந்தது.

“ஐயா, திரும்பும்போது தொரை இந்தப் பக்கம்தானே ஒக்காருவாரு?”

அவர் இழுப்பதை நிறுத்திவிட்டார். இதை நாங்கள் இருவருமே யோசித்திருக்கவில்லை. கண்ணாடி மங்கியது. “மொதல்ல போவோம். அதுக்குள்ள மழை நின்னுரும்” என்றார். மலாயாவிலேயே அதிகம் மழை பெய்கிற தைப்பிங்கில்.

துரை நெட்டையாக இருந்தார். எங்கள் லாரியைப் பார்த்து ஒரு நிமிடம் நின்றார். கிராணியார் வளைந்து கும்பிட்டு, நாங்கள் பூசையில் இருந்த விவரத்தை இங்கிலீஷில் சொன்னார். துரை தமிழிலேயே பதில் சொன்னார். சிலோன் தோட்டத்தில் முன்ஷி, அதாவது வாத்தியார், வைத்துப் படித்த தமிழ். அச்சடித்த புத்தகம் திறந்துகொண்டு பேசுவதுபோல இருக்கும். “நன்று. நாம் போகலாம். மழை எனக்குப் பழக்கம்” என்றார். முழங்கால் இரண்டும் நெஞ்சைத் தொட, இடது இருக்கையில் மடங்கி உட்கார்ந்தார். பெட்டிகள் பின்னால் தொட்டியில் ஏறின. பெட்டிகளுக்கு நடுவில் தார்ப்பாய் போர்த்திக் குடை பிடித்துக் கிராணியார் ஏறினார்.

ஊரைத் தாண்டும்வரை தலையை வெளியே நீட்டி ஓட்டினேன். வாய்க்குள் மழை போயிற்று. பின்னாலிருந்து கிராணியார் மெதுவாகப் பலகையைத் தட்டினார். அந்தத் தட்டலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், சொல்ல வாய் வரவில்லை. ஒரு துரையைப் பார்த்து எப்படிச் சொல்வது? தோட்டத்தில் துரை குதிரையில் வந்தால் நாங்கள் குடையை மடக்கிவிட்டு நனைந்துகொண்டு நிற்போம். சைக்கிளில் போகிறவன் இறங்கி உருட்டிப் போவான்.

துரையே கேட்டார். “உன் கண்ணாடியில் இரத்தம் வழிகிறதா?”

“குங்குமங்க தொரை. சாமி.”

“இந்தக் கைப்பிடி எதற்கு?”

சொன்னேன். சொல்லும்போதே எதிரே ஒரு விறகு வண்டி, இரண்டு மாடுகளோடு, இருட்டிலிருந்து வந்ததுபோல வந்தது. வண்டியை ஒடித்துத் திருப்பினேன். ஒரு சக்கரம் சாலையை விட்டு இறங்கி ஏறியது. பின்னால் பெட்டிகளும் கிராணியாரும் ஒரு பக்கமாகச் சரிந்த சத்தம் கேட்டது. துரை மறுபேச்சில்லாமல் பிரேக் பிடியைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தார்.

நன்றாக இழுத்தார். கிராணியாரைவிட நூறு மடங்கு நன்றாக. ஆனால் மலை வளைவுகளில் மழை வலுத்தால் வேகமாக இழுக்க வேண்டும், அவருக்கு அது தெரியவில்லை. “வேகமாங்க தொரை” என்றேன். இழுத்தார். நடுவில் ஒருமுறை சுருட்டுப் பற்றவைக்க நிறுத்தினார். “இழுங்க தொரை, இழுங்க!” என்று கத்திவிட்டேன். சுருட்டை வாயில் வைத்துக்கொண்டே இழுத்தார். பாதி மலை இறங்கிய பிறகுதான் என் குரல் என் காதில் விழுந்தது. ஆறு வருடம் என் முதுகுக்குப் பின்னால் கேட்ட கங்காணியின் குரல் அப்படியே என் தொண்டையிலிருந்து வந்துகொண்டிருந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு ‘இழுங்க’வுக்கும் முன்னால் ‘தயவு பண்ணி’ என்று சேர்த்துக்கொண்டேன்.

தோட்டத்து எல்லை வந்ததும் தூரத்தில் வளைவு தெரிந்தது. தென்னங்குருத்துத் தோரணம், இரண்டு பக்கமும் வாழைமரம். தோட்டமே சாக்குப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சாலையின் இரண்டு பக்கமும் நின்றது. மேளம் கேட்டது.

“போதுங்க தொரை. இனி நான் பாத்துக்கிறேன்” என்றேன்.

“மழை நிற்கவில்லையே” என்றார். கடமை தவறாத மனிதர். இழுத்துக்கொண்டே இருந்தார்.

ஜனங்களுக்கு நடுவில் லாரி நுழைந்தது. அவர்கள் பார்த்தது இதுதான்: நான் இரண்டு கையையும் சக்கரத்தில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன். என் பக்கத்தில் புதிய துரை, முழங்கால் மோவாயை இடிக்க, சுருட்டைக் கடித்துக்கொண்டு, வியர்க்க விறுவிறுக்க எனக்காகக் கண்ணாடி துடைக்கிறார். மேளக்காரன் கை தானாக நின்றுவிட்டது. இருநூறு பேர் வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். இழுக்கிற சத்தம் மட்டும் கிறீச் கிறீச் என்று கேட்டது.

அப்போது ஒரு பெண் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்ட சிரிப்பு இல்லை. வயிற்றிலிருந்து வந்து, நிற்க முடியாமல், பக்கத்தில் இருந்தவளின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

என் மனைவிதான். லாரியிலிருந்து இரண்டு முழத் தூரம்.

நான் வண்டியை நிறுத்தினேன். துரை இழுப்பதை நிறுத்தினார். அவளைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“யார் அந்தப் பெண்?”

எனக்கு அந்த ஒரு நொடியில் தெரிந்ததெல்லாம் இருட்டும் தப்புச் சத்தமும், வரிசையில் நிற்கிற நானும், என் பேரைக் கூப்பிடுகிற கிராணியாரும்தான்.

“தெரியாதுங்க தொரை” என்றேன்.

“இந்தத் தோட்டத்துப் பெண்தானே?”

“நான் பாத்ததில்லைங்க.”

கதவு இடுப்பளவுதான் என்று சொன்னேனே. அவளுக்குக் கேட்டது. அவள் பக்கத்தில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. சிரிப்பு நின்றுவிட்டது.

துரை சுருட்டை எடுத்துவிட்டு, தானும் சிரித்தார். “நான் வழி முழுவதும் குரங்கு மாதிரி ஆடி வந்தேன். இத்தனை பேரில் ஒருத்திக்குத்தான் உண்மையைச் சொல்லத் தைரியம் இருக்கிறது” என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்து இறங்கினார். மாலையோடு முன்னால் வந்த கங்காணியை ஒதுக்கிவிட்டு நேரே அவளிடம் போனார். மழையில் தொப்பியை எடுத்தார். என் கை இன்னும் சக்கரத்தில் இருந்தது.

“அம்மா, உன் கணவன் பெயர் என்ன?” என்றார்.

முன்ஷி அவருக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது. எங்கள் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். யாராவது கேட்டால் அவன் நிற்கிற பக்கம் மோவாயைக் காட்டுவார்கள். அவன் அங்கே இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவள் சொல்லுவாள். பக்கத்தில் இருந்தவள் வாயைத் திறக்கவில்லை. இருநூறு பேருக்கும் அந்தப் பெயர் தெரியும். ஒருவர்கூடச் சொல்லவில்லை. சொன்னால் நான் துரையிடம் பொய் சொன்னது வெளியே வரும், லாரி போய்விடும். பின்னால் தார்ப்பாய்க்குள்ளிருந்து எட்டிப் பார்த்த கிராணியாரும் பேசாமல் இருந்தார். அது அவர்கள் எனக்குச் செய்த உதவி. அதைப்போல ஓர் உதவியை யாரும் யாருக்கும் செய்யாமல் இருப்பது நல்லது.

அவள் என்னைப் பார்த்தாள். மோவாயைத் தூக்கினால் போதும். தூக்கவில்லை.

“இங்க இல்லைங்க தொரை” என்றாள்.

“அப்படியா? அவனிடம் சொல், அவன் அதிர்ஷ்டக்காரன் என்று.”

“வந்தா சொல்றேங்க” என்றாள்.

மேளம் மறுபடியும் தொடங்கியது. துரைக்கு மாலை போட்டார்கள். ஊர்வலமாகப் பங்களாவுக்குக் கூட்டிப் போனார்கள். நான் லாரியைக் கொட்டகைக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, நெடுநேரம் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்குப் போனேன். பூசைக்குச் செய்த சுண்டலும் சோறும் எடுத்து வைத்திருந்தாள். முகத்தில் கோபம் ஒன்றும் தெரியவில்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“பயந்துட்டேன் புள்ள” என்றேன்.

“தெரியுது.”

“தொரை கோவிச்சுக்குவார்னு நெனச்சேன். லாரி போயிரும்னு...”

“போகல்லல்ல?” என்று சோற்றுத் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். “சாப்பிடுங்க.”

மறுநாள் விசயதசமி. மறுபூசை போட்டு ஸ்பானரையும் குறட்டையும் எடுத்தேன். மாதக் கடைசியில் ஈப்போவிலிருந்து புதிய அச்சும் புதிய இணைப்புக் கம்பியும் வந்தன. நானே மாட்டினேன். கைப்பிடி என் பக்கத்துக்கு வந்துவிட்டது, இரண்டு வைப்பர்களும் ஒழுங்காக ஆடின. கோலா கங்சார் ஆளைக் கூப்பிட வேண்டிய அவசியமே வரவில்லை. அந்த இருக்கையில் பதினோரு வருடம் உட்கார்ந்தேன். தைப்பிங்குக்கும் ஈப்போவுக்கும் தோட்டத்துப் பெண்களை எத்தனையோ தடவை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். அவளை மட்டும் ஒரு நாளும் ஏறச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளும் கேட்கவில்லை. எங்கே போவதானாலும் நடந்தே போய்விட்டு வந்தாள்.